வௌவால் போனாலும் உண்ணி போகாது

பழைய ஓட்டு வீட்டின் பரண், கோயில் மண்டபத்தின் மேற்கூரை, பூட்டிக் கிடக்கும் கிடங்கு, மலைக்குகை. இந்த இடங்களில் வௌவால் தொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். "நாத்தம் தாங்கல, புகை போட்டு விரட்டிடலாம்" என்று வீட்டில் யாராவது சொல்லியும் இருப்பார்கள். விரட்டுவதற்கு முன் இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள். வௌவாலோடு கூடவே குடியிருக்கும் இன்னொரு உயிரினம் இருக்கிறது. வௌவால் கிளம்பிப் போன பிறகுதான் அது நம்மைத் தேடி வரும்.

அதன் பெயர் வௌவால் உண்ணி.

உண்ணியில் இரண்டு வகை

மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் கொட்டைமுத்து போல ஒட்டிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிந்த உண்ணி. முதுகில் கெட்டியான ஓடு இருப்பதால் இதைக் கடின உண்ணி என்கிறார்கள். ஒருமுறை கடித்தால் நாள்கணக்கில் அதே இடத்தில் இருந்து இரத்தம் குடிக்கும்.

வௌவாலிடம் அதிகம் காணப்படுவது மென் உண்ணி. ஓடு கிடையாது. தோல்பை போல இருக்கும். பகலில் சுவர் விரிசல், உத்தரத்தின் இடுக்கு, ஓட்டின் அடிப்பக்கம் என்று ஒளிந்திருக்கும். ஆளோ விலங்கோ ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து வெளியே வந்து, சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் குடித்துவிட்டு, மறுபடி இடுக்குக்குள் போய்விடும். கடித்ததே பலருக்குத் தெரியாது. இதன் குஞ்சுகள் மட்டும் வௌவாலின் உடலிலேயே பல நாள் ஒட்டியிருக்கும். அப்படியே ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்கும் பயணம் போகும்.

மென் உண்ணிக்கு இன்னொரு திறமை உண்டு. பட்டினி கிடக்கும் சக்தி. மாதக்கணக்கில், சில வகைகள் ஆண்டுக்கணக்கில்கூட, இரத்தம் இல்லாமல் உயிரோடு இருக்கும். அதனால்தான் வௌவாலை விரட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வழக்கமான உணவு போய்விட்டதால், பசித்த உண்ணி கூரையிலிருந்து இறங்கி, கீழே படுத்திருப்பவரை நோக்கி வரும்.

உண்ணிக்குள் என்ன இருக்கிறது?

உண்ணி கடிப்பது மட்டும் என்றால் சொறிந்துவிட்டுப் போய்விடலாம். அதன் உமிழ்நீரோடு சில பாக்டீரியாக்கள் நம் உடலுக்குள் நுழையக்கூடும் என்பதுதான் கவலை. ஆய்வாளர்கள் இதுவரை கண்டுபிடித்ததில் சில முக்கியமானவை:

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வௌவால்கள் குடியேறிய வீடுகளில் கிடைத்த உண்ணிகளை ஆராய்ந்தார்கள். 2004-ல் வெளியான ஆய்வில், அந்த உண்ணியின் வயிற்றில் மனித இரத்தம் இருந்தது தெரியவந்தது. வௌவால் உண்ணி மனிதரைக் கடிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதே வகை உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே பொரேலியா என்ற பாக்டீரியா இருப்பதை 2009-ல் இன்னொரு ஆய்வு காட்டியது.

அதே 2009-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து ஒரு செய்தி. உண்ணிக் குஞ்சுகள் ஒட்டியிருந்த ஓர் இளம் வௌவால் இறந்துபோனது. சோதித்துப் பார்த்தால், பொரேலியா பாக்டீரியாதான் அதைக் கொன்றிருந்தது. வௌவால் நோயைப் பரப்பும் வில்லன் என்று பேசுகிறோம். அதுவும் உண்ணியிடம் மாட்டிக்கொண்ட நோயாளிதான்.

2012-ல் வெளியான பிரான்ஸ் நாட்டு ஆய்வில், வௌவால்கள் வாழ்ந்த ஒரு கட்டடத்தின் பரண் தரையிலிருந்து உண்ணிகளைப் பொறுக்கினார்கள். அவற்றில் பொரேலியா, ரிக்கெட்சியா, எர்லிக்கியா ஆகிய மூன்று வகை பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. கிடைத்தது.

ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் இருந்து 2019-ல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. வௌவால் குகைக்குப் போய்வந்த ஒருவருக்குக் காய்ச்சல். அவர் உடலில் இருந்த புதிய வகை பொரேலியாவைப் பின்தொடர்ந்து போனபோது, அதே பாக்டீரியா வௌவால்களிடமும் உண்ணிகளிடமும் இருந்தது. வௌவால், உண்ணி, மனிதர் என்று சங்கிலியின் மூன்று கண்ணிகளும் ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தது அங்கேதான்.

பயப்படும் அளவுக்கு இது பரவலானதா? இல்லை. வௌவால் உண்ணியால் மனிதருக்கு நோய் வந்ததாகப் பதிவானவை உலக அளவிலேயே மிகக் குறைவு. ஆனாலும் உண்ணிகளும் அவற்றின் உறவுப் பூச்சிகளும் பரப்பும் பாக்டீரியாக் காய்ச்சல்களுக்குச் சில பொதுவான குணங்கள் உண்டு. அதைத் தெரிந்துவைத்திருந்தால் நம் ஊர்க் காய்ச்சலையும் அடையாளம் காண முடியும்.

போய்ப் போய்த் திரும்பும் காய்ச்சல்

பொரேலியா குடும்பத்தில் ஒரு பிரிவு உண்டாக்கும் நோய்க்கு மீள்காய்ச்சல் என்று பெயர். திடீரென்று குளிர் நடுக்கம், கடுமையான காய்ச்சல், தலைவலி, உடல்வலி. சில நாளில் தானாகவே தணிந்துவிடும். "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று நிம்மதியாக இருக்கும்போது, சுமார் ஒரு வாரத்தில் மறுபடி அதே காய்ச்சல்.

ஏன் இப்படி? இந்த பாக்டீரியா சட்டை மாற்றும் வித்தை தெரிந்தது. நம் உடலின் எதிர்ப்புச் சக்தி அதன் வெளிப்புறப் புரதத்தை அடையாளம் கண்டு அழிக்கும். காய்ச்சல் தணியும். ஆனால் அதற்குள் ஒரு சில பாக்டீரியாக்கள் வேறு புரதச் சட்டையைப் போட்டுக்கொண்டு தப்பித்திருக்கும். அவை பெருகியதும் காய்ச்சல் திரும்பும். காய்ச்சல் அடிக்கும் நேரத்தில் இரத்தத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சுருள் வடிவத்தில் நெளியும். தணிந்த பிறகு எடுத்தால் கண்ணில் படாமல் போகலாம். அதனால் "காய்ச்சல் இருக்கும்போதே டெஸ்ட் எடுங்க" என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது: ஸ்க்ரப் டைபஸ்

தமிழ்நாட்டில் "உண்ணிக் காய்ச்சல்" என்று சொன்னால் பெரும்பாலும் அது ஸ்க்ரப் டைபஸ்தான். வௌவாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உண்மையில் இதைப் பரப்புவது உண்ணியும் அல்ல. உண்ணியின் உறவான மைட் என்ற மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு. புதர், புல்வெளி, வயல் வரப்பு, எலி நடமாட்டம் உள்ள இடங்களில் இருக்கும். கண்ணுக்கு லேசில் தெரியாது. இது கடத்தும் பாக்டீரியாவின் பெயர் ஓரியன்ஷியா.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். பார்ப்பதற்கு டெங்கு, டைபாய்டு போலவே இருக்கும். ஒரு துப்பு உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் கீழ், காதின் பின்புறம் போன்ற மறைவான இடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாமல் போகும். எல்லோருக்கும் இந்தப் பொருக்கு வருவதும் இல்லை. எனவே அது இல்லை என்பதற்காக நோயும் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

இங்கேதான் பணயம் பெரிது. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே போதும். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதித்து உயிருக்கே ஆபத்து. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் அமாக்சிசிலின் போன்ற மாத்திரைகள் இந்த பாக்டீரியாவிடம் வேலை செய்யாது. "ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் காய்ச்சல் விடல" என்பவர்களில் சிலருடைய கதை இதுதான். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுத்தால் நல்ல பலன் என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய இந்திய ஆய்வு 2023-ல் காட்டியது. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கைப்பேசியை எப்படிப் பயன்படுத்தலாம்?

உடம்பில் கடி அடையாளமோ பொருக்கோ இருந்தால் தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தேதி தானாகவே பதிவாகிவிடும். காய்ச்சல் அளவை நேரத்தோடு குறிப்பில் எழுதுங்கள். வந்து, போய், திரும்பும் காய்ச்சலைப் பிடிக்க இந்தக் குறிப்பு மருத்துவருக்குப் பெரிய உதவி.

104-ஐ அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசலாம். ஆனால் வீடியோவில் இரத்தம் எடுக்க முடியாது. காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய்விடுங்கள். மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவு என்றால் யோசிக்காமல் 108.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: கடந்த 3 வாரத்தில் புதர்க்காட்டில் வேலை செய்தீர்களா, மலையேற்றம் போனீர்களா, வௌவால் இருந்த பரணைச் சுத்தம் செய்தீர்களா, மாட்டுக்கோ நாய்க்கோ உண்ணி எடுத்தீர்களா. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

உண்ணி ஒட்டியிருந்தால்

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். தொந்தரவு செய்தால் அது இன்னும் அதிக உமிழ்நீரை உள்ளே கக்கக்கூடும். கூர்மையான முனை உள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். சிறிய டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டலாம். கடித்த இடத்தையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கால்நடைக்கு உண்ணி அதிகமாக இருந்தால் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம்.

வௌவாலை என்ன செய்வது?

வௌவால் நமக்கு நிறையச் செய்கிறது. பூச்சி தின்னும் வகைகள் பயிரையும் கொசுவையும் பார்த்துக்கொள்கின்றன. பழம் தின்னும் வகைகள் இலுப்பை போன்ற மரங்களின் விதையை ஊர் ஊராகக் கொண்டுபோகின்றன. குகையிலோ ஊர் ஆலமரத்திலோ இருப்பதை விட்டுவிடுங்கள்.

வீட்டுப் பரணில் இருந்து கண்டிப்பாக வெளியேற்ற வேண்டும் என்றால் வரிசை முக்கியம்.

1. முதலில் கூரைக்கும் படுக்கையறைக்கும் இடையில் உள்ள விரிசல்களை அடையுங்கள். உண்ணி இறங்கும் பாதை அதுதான்.

2. குட்டி இருக்கும் காலத்தில் வேலையைத் தொடங்காதீர்கள். தாய் வெளியே போனபோது வாசலை அடைத்தால், பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளேயே செத்துவிடும். சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

3. புகை, பட்டாசு வேண்டாம். இருட்டியதும் எல்லாம் வெளியே போன பிறகு நுழைவழியை வலையால் மூடுங்கள்.

4. வௌவால் போன பிறகு, இடுக்குகளுக்குப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளரைக் கொண்டு மருந்து அடியுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான்.

5. எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டு அள்ளுங்கள். வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள்.

அடுத்த சில வாரங்களுக்குக் கட்டிலைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், "பரணைச் சுத்தம் பண்ணினோம் டாக்டர்" என்ற ஒரு வரியைச் சொல்ல மறக்காதீர்கள்.