முதலில் சக்கரத்தைப் பார்

திருத்தணி

அன்புள்ள பாப்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. நேராகப் போகும்போது ஒழுங்காக ஓடுகிற ரோபோ, திரும்பும்போது துள்ளித் துள்ளி நடுங்குகிறது, செயின் பல் தாண்டுகிறது என்கிறாய். குழுவில் எல்லோரும் செயினை இன்னும் டைட் வைக்கச் சொல்கிறார்களாம். வைக்காதே. நோய் செயினில் இல்லை.

உங்கள் வண்டியில் ஆறு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஸ்டியரிங் கிடையாது, ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னும் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அப்போது மூலைச் சக்கரங்கள் நான்கும் பக்கவாட்டில் தரையோடு இழுபடுகின்றன. ரப்பர் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். நீ பார்க்கிற துள்ளல் அதுதான். ஒவ்வொரு பிடிப்பிலும் மோட்டாரின் இழுப்பு மொத்தமும் செயின்மேல் ஏறுகிறது. அது பல் தாண்டாமல் என்ன செய்யும்?

டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் போட்டிகளில் மாணவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நடு அச்சை மட்டும் 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். பிறகு வண்டி நடுச் சக்கரங்களிலும் ஒரு முனைச் சக்கரங்களிலுமாக நான்கில்தான் நிற்கும். தரையைத் தொடும் நீளம் பாதியாகிவிடுவதால் சுலபமாகத் திரும்பும். அந்தப் போட்டிகள் கார்ப்பெட்டில் நடப்பவை. சக்கரம் அதில் சற்று அமுங்கும். உங்களுடையது பிளைவுட் தரை என்றால் இன்னும் குறைவாகவே போதும். அதிகம் இறக்கினால் வண்டி முன்னும் பின்னும் ஆடும், கை நீட்டிப் பொருளை எடுக்கும்போது குறி தவறும். பேட்டரியை நடுவிலிருந்து கொஞ்சம் ஒரு பக்கமாக வைத்தால் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும்.

பேட்டரி உட்பட எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, தடித்த கண்ணாடிப் பலகைமேல் வைத்து அள. முன்சக்கரம் பட்டு நிற்கும்போது பின்சக்கரத்தின் கீழே தெரியும் இடைவெளி, இறக்கத்தைப் போல இரண்டு மடங்கு. அதாவது 6 மில்லிமீட்டர் தெரிந்தால் நீ இறக்கியது 3. இடம் வலம் இரண்டு பக்கமும் பார்.

அச்சை இறக்கினால் செயின் அளவு மாறிவிடுமே என்று பயப்படாதே. அச்சுகளுக்கு நடுவே 200 மில்லிமீட்டர் இருந்தால், 3 மில்லிமீட்டர் இறக்கத்துக்கு அந்தத் தூரம் கூடுவது 0.02 மில்லிமீட்டர்தான். பித்தகோரஸைப் போட்டுப் பார். ஆனால் படத்தில் இருக்கும் மையம் விலகிய பேரிங் கட்டை வேறு விஷயம். அதைத் திருப்பினால் அச்சு கீழேயும் போகும், முன்னாலும் போகும். எதைச் சரிசெய்தோம் என்றே தெரியாது. நடு அச்சுக்கு நிலையான ஓட்டை போடு. முனை அச்சுகளுக்குக் கிடைமட்ட ஸ்லாட் வை. செயினை அங்கே மட்டும் சரிசெய்.

இனி செயின். உங்களுடையது 25-ஆம் எண், கண்ணிக்குக் கண்ணி 6.35 மில்லிமீட்டர். அரைக் கண்ணி பலவீனமானது. அதனால் இரண்டிரண்டாகத்தான் கழற்ற வேண்டும். அப்படிக் கழற்றினால் அச்சு ஒரு கண்ணி தூரம் நகரும். ஸ்லாட் நீளம் அதற்குக் குறையக் கூடாது. அடிக்கடி முன்னும் பின்னும் மாறும் வண்டி என்பதால், நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக 4 முதல் 6 மில்லிமீட்டர் அசைவு இருக்கட்டும். சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் பார்த்து வை. அதற்குமேல் இறுக்கினால் பேரிங் சூடாகும், பேட்டரி வீணாகத் தீரும்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, அந்தத் துளித் தேய்மானங்கள் சேர்ந்து நீளமாகின்றன. இருபது கண்ணி புதிதில் 127 மில்லிமீட்டர். 131-ஐ நெருங்கினால் தூக்கிப் போட்டுவிடு; இறுக்கிப் பயன் இல்லை.

நீ ரயிலில் கடந்து போகும் அம்பத்தூரில் 1960 முதல் டைமண்ட் செயின் தயாராகிறது. அந்தப் பெயரின் மூல நிறுவனம் அமெரிக்காவில் இருந்தது. ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் ப்ரொப்பெல்லரைச் சுழற்றிய சங்கிலிக்கும் அந்த நிறுவனத்தோடு தொடர்பு உண்டு. உன் கையில் இருப்பது அந்த வம்சத்துப் பொருள், மரியாதையாக அளந்து மாட்டு.

ஆடிக் கிருத்திகைக்கு வரும்போது கழற்றிய பழைய செயின் துண்டைக் கொண்டு வா. வெர்னியர் என்னிடம் இருக்கிறது. உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா