எல்லை காக்கும் மீன்கள்

நுழையும் முன்

வீட்டுக் கூடத்தில் வைக்கப்படும் மீன்தொட்டி கண்ணுக்கு இனியது; மனத்துக்கு அமைதி தருவது. ஆயினும், எல்லாத் தொட்டிகளிலும் அமைதி நிலவுவதில்லை. சில மீன்கள் ஒன்றையொன்று விரட்டும், கடிக்கும், சில வேளைகளில் கொன்றும் விடும். அவை ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றன? வளர்ப்பவர் செய்யத்தக்கது யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

சிக்லிட் குடும்பம்

‘சிக்லிட்’ என்பது ஒரு மீனின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை ஆகிய பகுதிகளின் நீர்நிலைகளில் இக்குடும்பத்து மீன்கள் இயற்கையாக வாழ்கின்றன. வண்ணமீன் கடைகளில் விற்கப்படும் ஏஞ்சல் மீனும் ஆஸ்கார் மீனும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. 2010-ஆம் ஆண்டு கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட கரிமீனும் ஒரு சிக்லிட்தான். தமிழ்நாட்டுச் சந்தைகளில் ‘ஜிலேபிக் கெண்டை’ எனப்படும் திலேப்பியா, பெயரால் கெண்டையாயினும் பிறப்பால் ஆப்பிரிக்கச் சிக்லிட்.

இக்குடும்பத்துள் வண்ண அழகால் புகழ்பெற்றவை மலாவி ஏரியின் மீன்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள இந்நன்னீர் ஏரி, ஏறத்தாழ 29,600 சதுர கிலோமீட்டர் பரப்பும் 700 மீட்டர் ஆழமும் உடையது. இங்கு நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை. ஏரியின் தென்பகுதியில் அமைந்த மலாவி ஏரித் தேசியப் பூங்காவை யுனெஸ்கோ நிறுவனம் 1984-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. கரையோரப் பாறைகளை ஒட்டி வாழும் சிறு சிக்லிட்களை அப்பகுதி மக்கள் ‘எம்புனா’ என அழைக்கின்றனர். நான்கைந்து அங்குலமே வளரும் இம்மீன்கள் மஞ்சள், நீலம், கருமை, வெண்மை எனப் பல நிறங்களில் ஒளிர்வன.

பாறையே வீடு, பாறையே வயல்

எம்புனா ஆண்மீன் பாறையிடுக்கு ஒன்றைத் தனக்கென வரித்துக்கொள்ளும். பாறைமேல் படரும் பாசியே அதன் உணவு. அப்பாறை அருகேதான் பெண்மீன் வந்து முட்டையிடும். முட்டைகளைப் பெண்மீன் தன் வாய்க்குள் ஏந்தி, ஏறத்தாழ மூன்று வாரம் காக்கும். குஞ்சுகள் நீந்தும் பருவம் வந்தபின்னரே அவற்றை வெளியே விடும்.

பாறையை இழந்த ஆண்மீனுக்கு இணை கிடைப்பது அரிது. ஆதலின் அது தன் எல்லையை உயிர்போல் காக்கிறது. அதன் சினம் எல்லா மீன்கள்மேலும் ஒரே அளவில் பாய்வதில்லை. தன் இனத்து ஆண்மீன்மேலும், தன்னைப் போன்ற நிறமும் வடிவமும் உடைய பிற ஆண்மீன்கள்மேலும் மிகுதியாகப் பாயும். அவையே அதன் உண்மைப் போட்டியாளர்கள்.

போரின் படிகள்

ஆண்மீன்கள் எடுத்த எடுப்பில் கடித்துக்கொள்வதில்லை. முதலில் துடுப்புகளை விரித்து, உடலைப் பக்கவாட்டில் காட்டித் தம் பருமையை உணர்த்தும். நிறம் அடர்த்தியாகும். வாலை வீசி எதிரியின்மேல் நீரை அலைக்கும். இதற்கும் எதிரி விலகாவிடில், வாயோடு வாய் பூட்டி இழுத்து வலிமையை அளக்கும். இறுதியில் ஒன்று தோற்கும். தோற்ற மீன் துடுப்புகளை ஒடுக்கும். அதன் நிறம் வெளிறும். விரைந்து விலகிச் செல்லும்.

பழந்தமிழர் போர் நிகழ்வுகளைத் திணைகளாக வகுத்தனர். மதிலை வளைத்தல் உழிஞை. மதிலைக் காத்தல் நொச்சி. எதிர்நின்று பொருதல் தும்பை. வெற்றி பெறுதல் வாகை. எம்புனாவின் போரையும் இவ்வரிசையில் எண்ணிப் பார்க்கலாம். பாறையை நெருங்கும் மீன் உழிஞையான். பாறையைக் காக்கும் மீன் நொச்சியான். வாய்பூட்டிப் பொருவது தும்பை. அடர்நிறத்தோடு நிமிர்வது வாகை.

ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை ‘தழிஞ்சி’ என்றொரு துறையைக் கூறுகிறது. புறங்காட்டி ஓடுவோர்மேல் படைக்கலம் செலுத்தாமையே அது. ஏரியில் இது தானாகவே நிகழ்கிறது. தோற்ற மீன் சிறிது தொலைவு நீந்தினால் எல்லையைக் கடந்துவிடும். வென்ற மீன் துரத்துவதை நிறுத்திவிட்டுத் தன் பாறைக்குத் திரும்பும். அத்துடன் பகை தீர்ந்தது.

தோற்ற மீன் எங்கே போகும்?

கண்ணாடித் தொட்டியில் நிலைமை வேறு. வலிய ஆண்மீன் ஒன்று தொட்டியின் ஒரு மூலைமுதல் மறுமூலைவரை தன் எல்லையாகக் கொண்டுவிடக் கூடும். தோற்ற மீன் புறங்காட்டி ஓடினாலும் கண்ணாடியில் முட்டி நிற்கும். அது அங்கே நிற்பதையே வென்ற மீன் அறைகூவலாகக் கொள்ளும், மீண்டும் தாக்கும். ஏரியில் சில நொடிகளில் முடியும் பூசல் தொட்டியில் நாள்கணக்கில் நீளும். முடிவு பெரும்பாலும் இறப்பு.

இதைக் கண்டு வென்ற மீனைக் கொடியது என்பது பொருந்தாது. அது தன் இயல்பின்படியே நடக்கிறது. விலகிச் செல்லும் வழி அடைபட்டதே கேட்டுக்குக் காரணம். அவ்வழியை அடைத்தவர் தொட்டி வைத்தவர். ஆதலால் மாற்று வழி காணும் கடமையும் அவருடையதே.

பின்வரும் அறிகுறிகளை நாள்தோறும் கவனித்தல் வேண்டும்: துடுப்பு கிழிந்திருத்தல், நிறம் வெளிறுதல், மேல்மூலையிலோ வடிகட்டிக் குழாயின் பின்னோ ஒதுங்கி நிற்றல், விரைந்து மூச்சுவிடுதல், உணவுக்கு வாராதிருத்தல். இவற்றுள் இரண்டு மூன்று ஒருங்கே தோன்றினால் அம்மீனின் உயிருக்கு ஊறு நெருங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

பகையைத் தணிக்கும் வழிகள்

1. நீளமான தொட்டி: உயரத்தைவிட நீளமே முதன்மையானது. எம்புனாக்களுக்கு நான்கடி நீளத் தொட்டி ஏற்றது. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உடைய தொட்டியின் கொள்ளளவு 243 லிட்டர். கல்லும் மணலும் இட்டபின் ஏறத்தாழ 200 லிட்டர் நீர் நிற்கும்.

2. மறைவிடம்: கற்களை அடுக்கிப் பல கற்குகைகள் அமைத்தல் வேண்டும். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாயில்கள் இருப்பது நன்று. ஒருவழிக் குகைக்குள் சென்ற மீன் பொறியில் அகப்பட்டதாகும். ஒரு மூலையில் நிற்கும் மீனுக்கு மறுமூலை தெரியாதவாறு கற்கள் பார்வையை மறைக்க வேண்டும். காணாத பகைவனை மீன் துரத்துவதில்லை. எம்புனாக்கள் மணலைத் தோண்டும் இயல்புடையவை. ஆதலால், கற்களை முதலில் தரையில் உறுதியாக அமைத்துப் பின்னரே மணலை இடவேண்டும். இல்லையேல் கற்கள் சரிந்து மீன்களை நசுக்கும்.

3. ஆண், பெண் எண்ணிக்கை: ஓர் இனத்துக்கு ஓர் ஆண்மீனும் மூன்று அல்லது நான்கு பெண்மீன்களும் இருத்தல் நலம். ஒரே ஒரு பெண்மீன் இருந்தால், ஆண்மீன் அதனை ஓயாது விரட்டி நலியச் செய்யும். பெண்மீனே இல்லாமல், வெவ்வேறு இனத்து ஆண்மீன்களை மட்டும் வளர்ப்போரும் உளர். அத்தொட்டியில் ஒன்றையொன்று ஒத்த இரு மீன்கள் இருத்தலாகாது.

4. நிறத் தேர்வு: மஞ்சள் நிற மீன் ஒன்று இருந்தால், அடுத்ததாக நீலவரி உடையதையோ வேறு நிறத்ததையோ தெரிந்தெடுக்க வேண்டும். ‘ஆரட்டஸ்’ போன்ற கடுஞ்சின மீன்களைச் சாதுவான மீன்களோடு சேர்க்கலாகாது.

5. கூட்டத்தின் பயன்: மூன்று நான்கு மீன்களே உள்ள தொட்டியில் எளிய மீன் ஒன்றே எல்லா அடிகளையும் ஏற்கும். பதினைந்து மீன்கள் இருப்பின் தாக்குதல் ஒன்றன்மேல் குவியாது பலவற்றின்மேல் பரவும். ஆனால், மீன் பெருகினால் கழிவும் பெருகும். ஆற்றல்மிக்க வடிகட்டியும், வாரந்தோறும் நீர் மாற்றுதலும் இன்றியமையாதவை. 200 லிட்டர் நீரில் 30 விழுக்காடு என்பது 60 லிட்டர். 15 லிட்டர் வாளியால் நான்கு வாளி. குழாய்நீரின் குளோரினை நீக்கியபின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும். இம்முறை எம்புனாக்களுக்கு ஏற்றது. இணைசேர்ந்து முட்டைகாக்கும் அமெரிக்கச் சிக்லிட்களுக்குப் பொருந்தாது.

6. உணவும் வெப்பமும்: உணவை ஒரே இடத்தில் கொட்டாமல், சிறிது சிறிதாகத் தொட்டியின் பல இடங்களில் தூவுதல் வேண்டும். சுருள்பாசி கலந்த உணவு எம்புனாக்களுக்கு ஏற்றது. நீரின் வெப்பம் 24 முதல் 26 பாகை செல்சியஸ் இருத்தல் போதும். வெப்பம் மிகுந்தால் மீன்களின் விறுவிறுப்பும் பூசலும் மிகும். தில்லி, லக்னோ போன்ற நகரங்களில் குளிர்காலத்தில் வெப்பமூட்டி தேவைப்படும்.

புதிய மீன் வரும்போது

பழைய மீன்கள் ஒவ்வொரு கல்லையும் தமக்கென வகுத்துக்கொண்ட தொட்டியில், புதிய மீன் தனியே நுழைவது பகைவர் கோட்டைக்குள் படையின்றிப் புகுவது போன்றது. எனவே, முதலில் பழைய மீன்களுக்கு உணவிட வேண்டும். பின்னர்க் கற்களை இடம்மாற்றி அடுக்க வேண்டும். எல்லைக் குறிகள் கலைந்துவிட்டால் பழைய மீன்களும் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும். பழையது, புதியது என்னும் வேறுபாடு குறையும். ஒரு மீனைத் தனியே விடாமல் மூன்று நான்கு மீன்களை ஒருங்கே விடுதல் நன்று. அன்று இரவு முழுவதும் விளக்கை அணைத்து வைக்க வேண்டும்.

அடங்காத மீன்

இத்தனை வழிகளுக்கும் அடங்காத மீன் சில தொட்டிகளில் இருக்கும். அப்போது பலர் அடிபட்ட மீனை மட்டும் எடுத்துவிடுவர். அதனால் பயன் குறைவு. தாக்கும் மீன் அடுத்த எளிய மீனைத் தேர்ந்துகொள்ளும். அடிபட்ட மீனைத் தனித்தொட்டியில் தேற்றுவதோடு, தாக்கிய மீனையும் துளையிட்ட தடுப்புக்குள்ளோ வேறு தொட்டியிலோ ஒரு வாரம் பிரித்து வைக்க வேண்டும். அதற்குள் பிற மீன்கள் அதன் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். திரும்பி வரும்போது அது எல்லையற்ற புதுமீனாகவே வரும். பெரும்பாலும் சினம் தணிந்திருக்கும். அதன்பின்னும் அடங்காவிடில், பெரிய தொட்டி உடையவரிடமோ கடைக்காரரிடமோ ஒப்படைத்துவிடுவதே தக்கது.

அதனை ஏரியிலோ ஆற்றிலோ விடுதல் மட்டும் கூடாது. 1952-ஆம் ஆண்டு வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, நீர்நிலைகளில் பரவிப் பெருகி, உள்நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் கவர்ந்தது. ஒரு தொட்டியின் சிக்கலை ஓர் ஆற்றின் சிக்கலாக்குவது தீர்வாகாது.

தெரிந்து தெளிவோம்

மீன்கள் பிற மீன்களின் சண்டையைப் பார்த்தே அவற்றின் வலிமையை அறிகின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோகன் குரோசெனிக், டிரிசியா கிளெமென்ட், ரஸ்ஸல் ஃபெர்னால்டு ஆகியோர் இதனை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டு வெளியிட்டனர். தாங்கனிக்கா ஏரிப் பகுதிச் சிக்லிட் ஒன்றன் ஆண்மீன், ஐந்து மீன்களின் சண்டைகளைக் காணுமாறு செய்யப்பட்டது. முதல் மீன் இரண்டாவதை வென்றது. இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது நான்காவதையும், நான்காவது ஐந்தாவதையும் வென்றன. இரண்டாம் மீனும் நான்காம் மீனும் பொருததை அது கண்டதேயில்லை. எனினும், அவ்விரண்டனுள் நான்காவதே வலிமை குன்றியது என உய்த்துணர்ந்து அதன் அருகே சென்றது.

சொற்பொருள்

வரித்தல் – தேர்ந்துகொள்ளுதல்
பொருதல் – போரிடுதல்
புறங்காட்டுதல் – தோற்று முதுகு காட்டி ஓடுதல்
அறைகூவல் – போருக்கு அழைத்தல்
ஊறு – தீங்கு
உய்த்துணர்தல் – அறிந்தவற்றைக் கொண்டு அறியாததை உணர்தல்

இலக்கணக் குறிப்பு

அடங்காத மீன் – எதிர்மறைப் பெயரெச்சம்
நன்னீர் – பண்புத்தொகை
கொட்டாமல் – எதிர்மறை வினையெச்சம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. நன்னீர் 2. கற்குகை 3. மறைவிடம் 4. பாறையிடுக்கு

ஆ. பொருத்துக.
1. நொச்சி – எதிர்நின்று பொருதல்
2. தும்பை – ஓடுவோரைத் தாக்காமை
3. தழிஞ்சி – வெற்றி பெறுதல்
4. வாகை – மதிலைக் காத்தல்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘எம்புனா’ என்பவை எவை?
2. கற்குகைக்கு இரண்டு வாயில்கள் வேண்டும் என்பதன் காரணம் யாது?
3. கற்களை அமைத்தபின்னரே மணல் இடவேண்டும். ஏன்?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. ஏரியில் தீரும் பகை தொட்டியில் தீராமைக்குக் காரணம் கூறுக.
2. அடிபட்ட மீனை மட்டும் அகற்றுவதால் சிக்கல் தீராது என்பதை விளக்குக.

உ. கலந்துரையாடுக.
பெற்றோரின் பணிமாற்றத்தால் ஆண்டின் நடுவில் ஒரு மாணவர் வகுப்பில் புதிதாகச் சேர்கிறார். இருக்கைகளும் நட்புக் குழுக்களும் முன்பே அமைந்துவிட்டன. ‘புதிய மீன் வரும்போது’ என்னும் பகுதியில் கூறப்பட்டவற்றுள் எவை வகுப்பறைக்கும் பொருந்தும்? எவை பொருந்தா? காரணங்களுடன் பேசுக.

ஊ. செயல்திட்டம்
அருகில் உள்ள வண்ணமீன் கடைக்கோ மீன்தொட்டி உள்ள வீட்டுக்கோ சென்று, ஒரு தொட்டியைப் பத்து நிமிடம் உற்றுநோக்குக. எந்த மீன் எதனை எத்தனை முறை விரட்டியது, விரட்டப்பட்ட மீன் எங்கே ஒளிந்தது என்பவற்றை அட்டவணையாக்கித் தமிழில் பத்து வரிகள் எழுதி வருக.