பழைய பத்திரங்களை ஆக்சஸில் சேர்க்க முழுமையான வழிகாட்டி

பீரோவில் மஞ்சள் பைக்குள் கிடக்கும் பத்திரங்களையும் ரசீதுகளையும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் தேடி எடுக்கும்படி அடுக்க வேண்டுமா? முதல் வேலையாக ஒன்றை முடிவு செய்யுங்கள்: ஸ்கேன் செய்த படம் ஃபோல்டரிலேயே இருக்கட்டும், அது இருக்குமிடத்தின் விலாசம் மட்டும் ஆக்சஸுக்குள் போகட்டும்.

படத்தை ஏன் உள்ளே போடக்கூடாது?

ஆக்சஸ் கோப்பு 2 ஜிபி-க்கு மேல் வளராது. ஏ4 தாளை 300 டிபிஐ-யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 புள்ளிகள்; சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 26 எம்பி. எண்பது சொச்சம் தாள்களிலேயே கோப்பு நிரம்பிவிடும். பழைய ஓஎல்இ ஆப்ஜெக்ட் புலம் சின்ன ஜேபெக் படத்தைக்கூட இப்படி ஊதிப் பெருக்கிவிடும். 2007 பதிப்பில் வந்த அட்டாச்மென்ட் புலம் தேவலை. ஐம்பது படங்களோடு வேலை முடியும் என்றால் அதிலேயே போட்டுவிடலாம்.

படி 1: ஸ்கேன்

300 டிபிஐ, ஜேபெக். பல ஸ்கேனர்கள் கேட்காமலே பிடிஎஃப் ஆகச் சேமிக்கும். ஆக்சஸின் இமேஜ் கன்ட்ரோலில் பிடிஎஃப் தெரியாது.

படி 2: பெயர், ஃபோல்டர்

0001, 0002 என்று எண்களே பெயராக இருக்கட்டும். "தாத்தா பத்திரம் புதுசு" என்றெல்லாம் வைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே புரியாது. ஃபோல்டரை டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். என்றாவது ஒருநாள் சுத்தம் செய்கிறேன் என்று நகர்த்திவிடுவோம்.

படி 3: எக்செல் வழியாக

படங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி வலது கிளிக் செய்து 'காப்பி ஆஸ் பாத்' கொடுங்கள். எக்செலில் ஒட்டினால் விலாசங்கள் வரிசையாக விழும். இரு பக்கமும் மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வரும். கன்ட்ரோல்+எச் மூலம் அதை நீக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் படம் தெரியாது. பக்கத்துப் பத்திகளில் ஆண்டு, ஊர், விவரம் நிரப்பி, முதல் வரியில் தலைப்புகள் கொடுங்கள். பிறகு ஆக்சஸில் 'எக்ஸ்டர்னல் டேட்டா' வழியாக இந்தத் தாளை இறக்கினால் டேபிள் தயார். விலாசப் புலம் ஷார்ட் டெக்ஸ்ட் வகையில் இருக்கட்டும். 255 எழுத்து வரை கொள்ளும்.

படி 4: படத்தைக் காட்டும் படிவம்

டேபிளிலிருந்து ஃபார்ம் ஒன்றை உருவாக்கி, டிசைன் வியூவில் இமேஜ் கன்ட்ரோலை வரையுங்கள். உடனே ஒரு படம் கேட்கும். ஏதோ ஒன்றைக் கொடுங்கள்; கேன்சல் செய்தால் கன்ட்ரோலும் காணாமல் போகும். பிறகு பிராப்பர்ட்டி ஷீட்டில் 'கன்ட்ரோல் சோர்ஸ்' என்ற இடத்தில் விலாசப் புலத்தைத் தேர்ந்தெடுங்கள். இனி ஒவ்வொரு பதிவுக்கும் அதன் படம் வந்து நிற்கும்.

ஃபோல்டர் இடம் மாறினால்

படங்கள் வெறுமையாகும், பதற வேண்டாம். டேபிளில் விலாசப் பத்திக்குப் போய், கன்ட்ரோல்+எச் கொடுத்து, 'எனி பார்ட் ஆஃப் ஃபீல்டு' தேர்ந்து பழைய விலாசத்தைப் புதியதாக மாற்றிவிடுங்கள். பென் டிரைவில் நகல் எடுக்கும்போது ஆக்சஸ் கோப்போடு ஃபோல்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.