சக்கரக் கல்லுக்கு வயசு 15 கோடி!

தோழிகளே, சாளக்கிராமத்தில் உள்ள சக்கரம் யாரும் செதுக்கியது இல்லை, தெரியுமா? நேபாளத்தில் தவளகிரி (8167 மீட்டர்), அன்னபூர்ணா (8091 மீட்டர்) மலைகளுக்கு நடுவே காளி கண்டகி ஆறு ஓடுகிறது. அங்குள்ள கருப்புக் களிமண் பாறை அடுக்கு, ஒரு காலத்தில் டெத்தீஸ் கடலின் அடிச்சேறு! அதில் சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன் புதைந்த அம்மோனைட் என்ற உயிரின் ஓடுதான் அந்தச் சக்கரம். நத்தை மாதிரி இருந்தாலும் இது கணவாய்க்குத்தான் சொந்தம். சாமிக் கல்லை இப்படிச் சொல்றியேன்னு சண்டைக்கு வராதீங்க. இவ்வளவு பழைய கல்லைக் கும்பிடலாம், தப்பே இல்லை என்பது என் கருத்து. சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவை மோதியது. கடலடி மடிஞ்சு மலையாச்சு. இன்னும் உயருது! ஆறு அந்தப் பாறையை அரிக்கும்போது ஓடு உள்ள உருண்டைக் கல் கழன்று விழும். உடைத்தால் உள்ளே அறை அறையாகத் தெரியும்.