லண்டன் போனால்தான் ஏ.சி.சி.ஏ.வா?

கேள்வி: மதுரையில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். ஏ.சி.சி.ஏ. படிக்க லண்டன் போக ஆசை. அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார். போகலாமா?

பதில்: அவசரப்பட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டாம் தம்பி. ஏ.சி.சி.ஏ. பிரிட்டிஷ் கணக்காளர் அமைப்பு நடத்தும் தேர்வு என்றாலும், அதை எழுத லண்டன் போக வேண்டியதில்லை, சென்னையிலேயே எழுதலாம். இப்போதைய முறையில் மொத்தம் 13 தாள்கள். தேர்ச்சிக்கு 50 மதிப்பெண். பி.காம். முடித்தால் தொடக்கத் தாள்கள் சிலவற்றுக்கு விலக்கு கிடைக்கும். அதற்கும் கட்டணம் உண்டு. கடைசிக் கட்டத் தாள்களில் முதலாவதைத் தேறியதிலிருந்து 7 ஆண்டுக்குள் மற்றவற்றையும் முடித்துவிட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது வேறிடத்தில். தேர்வு முடிந்தாலும் 36 மாதப் பணி அனுபவம் இல்லாமல் உறுப்பினர் ஆக முடியாது. அதை எந்த நாட்டிலும் பெறலாம். உங்கள் ஊர் ஆடிட்டர் ஆபீசில் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தயாரிப்பது என்று செய்யும் வேலையை உடனுக்குடன் பதிவு செய்து, மேற்பார்க்கும் சி.ஏ.விடம் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். இந்தியாவில் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை ஏ.சி.சி.ஏ.வுக்குக் கிடையாது; 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி பதிவுபெற்ற சி.ஏ.வுக்கே உண்டு. சொந்த ஊரில் ஆடிட்டராக போர்டு மாட்டுவதே கனவென்றால், சி.ஏ.வில் சேருங்கள். வெளிநாட்டு வேலைதான் இலக்கென்றால், ஏ.சி.சி.ஏ.வில் விலக்கு போக மீதமுள்ளவற்றில் முதல் இரண்டு தாள்களை இங்கேயே எழுதித் தேறிய பிறகு அப்பாவிடம் கடனைப் பற்றிப் பேசுங்கள்.