பழைய மோட்டார் வண்டி வாங்குமுன் காலைப் புகையைக் காண்க

வத்தல் மூட்டை வாங்கும் நம் வியாபாரி, மூட்டையின் வாயை மட்டும் பார்த்துவிட்டு விலை பேசுவதில்லை. அடிவரை கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஈரம் உண்டா, காம்பு மிகுதியா, நிறம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று நோக்கிய பின்னரே வாய் திறக்கின்றார். வெங்காயமானாலும் அரிசியானாலும் இதுவே வழக்கம். ஆனால் அதே வியாபாரி பல்லாயிரம் வெள்ளி கொடுத்துப் பழைய காரோ வேனோ வாங்கப் புறப்பட்டால், பெயிண்டின் பளபளப்பிலும் இருக்கையின் புதிய உறையிலும் மயங்கிவிடுகின்றார். மூட்டையின் அடியில் கைவிடுவதற்கு ஒப்பான சோதனை வண்டிக்கும் ஒன்று உண்டு. இரவெல்லாம் நின்று குளிர்ந்த என்ஜினைக் காலையில் முதன்முதலாக முடுக்கும்போது குழாயிலிருந்து வரும் புகையைப் பார்ப்பதே அது.

பொந்தியானில் கடை வைத்திருப்பவருக்கு வண்டி ஆடம்பரமன்று. ஜொகூர் பாருவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போய்ச் சரக்கெடுக்க வேண்டும். பெனுட், பெக்கான் நானாஸ், குக்குப் என்று சுற்றிலும் சரக்கு அனுப்ப வேண்டும். வண்டி பட்டறையில் கிடக்கும் நாளெல்லாம் கடைக்கு நஷ்டம். ஆகவே இந்தப் பாடத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

குளிர்ந்த என்ஜினைத்தான் பார்க்க வேண்டும் என்பது ஏன்? ஓடிச் சூடேறிய என்ஜினில் குறைகள் பல மறைந்துவிடும். உலோகம் சூட்டினால் விரிவதால் தேய்ந்த இடைவெளிகள் சுருங்குகின்றன. அன்றியும், புகைக் குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்னும் சுத்திகரிப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அது ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை சூடேறிய பின்னரே தன் வேலையைச் செய்யத் தொடங்கும். சூடேறிவிட்டால் சிறிதளவு ஆயில் புகையை அது எரித்து மறைத்துவிடும். குளிர்ந்திருக்கையில் மறைக்க இயலாது. இங்கே குளிர் என்பது பனிக்குளிரன்று. பொந்தியானில் விடியற்காலையிலும் பெரும்பாலும் 23, 24 டிகிரி வெப்பம் இருக்கும். என்ஜின் வெளிக்காற்றின் அளவுக்கு ஆறியிருந்தால் அதுவே போதும். அதற்கு ஓர் இரவு நிற்க வேண்டும்.

முதலில் வெண்புகை. பெட்ரோல் எரியும்போது நீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளிப்படும். குளிர்ந்த குழாயில் அந்த ஆவி படிந்து, மெல்லிய வெண்மையாகவும் சொட்டுநீராகவும் வருவது இயல்பே. சில நிமிடங்களில் அது நின்றுவிடும். குளிர்நாட்டார் தம் வண்டிகளில் காலைதோறும் காணும் வெண்மேகம் நம் ஊர் வெப்பத்தில் அவ்வளவாகத் தோன்றாது. எனவே இங்கே அடர்ந்த வெண்புகை எழும்பி, என்ஜின் சூடான பின்னும் நிற்காமல், சற்று இனிப்பு வாடையும் வீசுமாயின், குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிந்து எரிகிறது என்று ஐயுற வேண்டும். ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். சிலிண்டர் தலையே வெடித்திருக்கலாம். இரண்டும் பெருஞ்செலவு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் பால்போன்ற குழம்பு படிந்திருப்பதும் இதற்கு ஓர் அடையாளம். ஆனால் வீட்டுக்கும் கடைக்குமாகக் குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் ஈரத்தினால் சிறிது நுரை படிவதுண்டு. அது ஒன்றைக் கொண்டே தீர்ப்புச் சொல்லிவிடலாகாது.

நீலப் புகையே நாம் அதிகம் கவனிக்க வேண்டியது. நம்மவர் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். நீலம் தோன்றினால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். சிலிண்டர் தலையில் வால்வுத் தண்டுகளைச் சுற்றி ரப்பர் சீல்கள் உண்டு. வயதாக ஆக அவை இறுகி வெடிக்கின்றன. வண்டி நிற்கும் இரவில் மேலே தேங்கிய ஆயில் அவற்றின் வழியே சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கி நிற்கும். காலையில் முடுக்கியதும் அது எரிந்து, ஒரு கொத்து நீலப் புகையாகக் கிளம்பிச் சில விநாடிகளில் மறைந்துவிடும். பத்து மணிக்குப் போய்ப் பார்ப்பவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. பிஸ்டன் ரிங்குகளோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருந்தால், புகை தொடக்கத்தோடு நில்லாது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போதும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் தொடர்ந்து வரும். இவ்விரண்டையும் பிரித்தறிவது அவசியம். சீல் மாற்றுவது தாங்கக்கூடிய செலவு. ரிங் மாற்றுவதற்கு என்ஜினையே பிரிக்க வேண்டும். டர்போ பொருத்திய வண்டியில் டர்போவின் சீல் போனாலும் நீலப் புகை வரும். சில விற்பனையாளர்கள் தடித்த ஆயிலையோ, புகையை அடக்கும் மருந்தையோ ஊற்றிச் சில நாட்களுக்குப் புகையை நிறுத்தி வைப்பதும் உண்டு. அண்மையில் ஆயில் மாற்றியதாகச் சொன்னால் எந்த ஆயில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கரும்புகை, எண்ணெய் மிகுதியாகவும் காற்றுக் குறைவாகவும் எரிவதன் அடையாளம். குளிர்ந்த என்ஜினுக்குச் சற்று அதிகமாகவே பெட்ரோல் கொடுக்கப்படுவதால், முதல் நொடிகளில் சிறிது கருமை தோன்றினால் குற்றமில்லை. தொடர்ந்தால் காற்று வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். டீசல் வண்டியில் காலை வெண்புகை டீசல் வாடையோடு வந்தால் அது எரியாத எண்ணெய். குளோ பிளக், இன்ஜெக்டர், அல்லது அழுத்தக் குறைவு காரணமாகலாம். புத்தம்புதிய வண்டி வாங்குவோர் முதல் ஓரிரு நாட்களில் சிறிது புகையும் வாடையும் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப் பூச்சு எரிந்து போவதே அது.

இனிச் சோதிக்கும் முறை. முதல் நாளே விற்பவரிடம், நாம் வரும்வரை வண்டியை முடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். சுபுஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்தவுடன் போவது நலம். போனவுடன் பானட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடிருந்தால் அன்றைய சோதனை அத்தோடு முடிந்தது. ஆறியிருந்தால் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீரின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். சூடாயிருக்கையில் திறப்பது ஆபத்து. பிறகு வேறொருவரை முடுக்கச் சொல்லி, நீங்கள் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் நில்லுங்கள். புகை வந்ததா, எந்த நிறம், எத்தனை விநாடி நின்றது என்று கவனியுங்கள். ஒரு வெள்ளைத் துணியைக் குழாய்க்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தால், ஆயில் துளியா வெறும் நீரா என்பது விளங்கும். அடைத்த கொட்டகைக்குள் இதைச் செய்யற்க. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாடையின்றி ஆளைக் கொல்லும் நஞ்சு. சில புதிய வண்டிகளில் சூடு காட்டும் முள் இராது. குளிர்ந்திருக்கையில் ஒரு நீல விளக்கு எரிந்து, சூடானதும் அணையும். முடுக்கிய உடனே அவ்விளக்கு எரியாவிட்டால், விளக்குப் பழுதோ, வண்டி முன்னரே ஓடியதோ, இரண்டில் ஒன்று.

பெயர் மாற்றத்திற்கு முன் பரிசோதனை நிலையத்தில் நடக்கும் பி5 சோதனையை நம்பி இதையெல்லாம் விட்டுவிடுவோர் உண்டு. அச்சோதனை என்ஜின் எண், சேஸிஸ் எண் முதலியன பதிவோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. என்ஜினின் ஆயுளுக்கு அது ஜாமீன் அன்று. மேலும் அங்கே வண்டி ஓடிப்போய் வரிசையில் நிற்கிறது. சூடான என்ஜினைத்தான் அவர்கள் காண்கிறார்கள்.

வாங்குபவர் வருமுன் வண்டியைச் சூடேற்றி வைப்பதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று சொல்லித் தள்ளிவிடலாமா? நமது ஷரீஅத்தில் இதற்கு மிக நெருங்கிய முன்மாதிரி உண்டு. பால் மிகுந்த பிராணி என்று தோன்றும்படி, ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறவாமல் மடியைப் பெருக்கி விற்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர், கறந்து பார்த்த பின், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிடில் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வந்த ஹதீஸ், புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மடியைப் பெருக்கியவன் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். பொருளின் தோற்றத்தையே பொய் சொல்லும்படி செய்துவிட்டான். காலையிலேயே வண்டியை ஒரு சுற்று ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்துபவன் செய்வதும் அதுவேயன்றோ?

நம்மில் ஷாஃபிகளும் ஹனஃபிகளும் கலந்தே இருக்கிறோம். மடி பெருக்கிய பிராணியின் விஷயத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து வேறு. ஆயினும், விற்குமுன் இருந்து மறைக்கப்பட்ட ஐபு பின்னால் தெரிய வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதில் இரு மத்ஹபுகளும் ஒத்தவையே. ஷாஃபி மத்ஹபில் குறையைக் கண்டவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும். கண்ட பின்னும் சரக்கேற்றி ஓட்டிக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும். ‘இருக்கிறபடியே விற்கிறோம், பிறகு கேட்கக்கூடாது’ என்று எழுதி வாங்குவது பற்றி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அப்படிப்பட்ட தாளில் கையெழுத்திடுமுன் ஆலிம் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

இதைவிடச் சிறந்த வழி ஒன்றும் ஃபிக்ஹிலேயே இருக்கிறது. மூன்று நாள் வரை வைத்துப் பார்த்து முடிவு சொல்வதாக இருவரும் நிபந்தனை செய்துகொள்வதை ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. மூன்று நாள் என்றால் மூன்று காலைகள்! குளிர்ந்த என்ஜினை மூன்று முறை உங்கள் வாசலிலேயே முடுக்கிப் பார்த்துவிடலாம். பெயர் மாற்றத்துக்கும் பாங்கிக் கடனுக்கும் முன்பாகவே, அச்சாரம் மட்டும் கொடுத்து, இந்த நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பாத விற்பனையாளர் இருப்பார். ஏன் ஒப்பவில்லை என்பது நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

நாட்டின் சட்டமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவருக்குத் துணை நிற்பதில்லை. 1957ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அத்தகைய பொருளை வியாபாரமாக விற்பவர் தருவது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்த விதி பொருந்தாது. குடும்ப உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் அமைந்த தீர்ப்பாயமும் உள்ளன. அங்கே கோரக்கூடிய தொகை 25,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக 2019இல் உயர்த்தப்பட்டது.

இவ்வளவும் வாங்குபவர் பக்கம் பேசினோம். மறுபக்கமும் உண்டு. வெறும் நீராவி என்று தெரிந்தும், ‘ஐயோ, என்ஜின் போய்விட்டதே’ என்று விற்பவரை மிரட்டி இரண்டாயிரம் வெள்ளி குறைக்கப் பார்ப்பவர் நம்மில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களின் பணியாளர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை பேசி முடித்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், அது அதைவிடப் பெறும் என்று சொல்லி, விற்றவரிடம் தாமே விலையை நூறு நூறாக ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்ததே அதற்கு அவர்கள் சொன்ன காரணம்.

விற்பவர் நாமாயிருந்தால், வாங்க வருபவர் வரும்வரை வண்டியைத் தொடாமல் நிறுத்தி வைப்போம். மாதம் எவ்வளவு ஆயில் சேர்த்து ஊற்ற வேண்டியிருக்கிறது, காலையில் நீலம் தோன்றுகிறதா, ரேடியேட்டரில் நீர் குறைகிறதா என்னும் மூன்றையும் ரசீதின் அடியிலேயே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம்.