ஊர்ப்பெயரில் ஒரு வினைச்சொல்

ஜீவனஹள்ளி,
பெங்களூரு.

அன்புள்ள தம்பி,

ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் வினைச்சொல் பட்டியலில் இல்லாத ஒரு வினை நம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது: 'பேங்களூர்'. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சில் பரவிய கொச்சை வழக்கு அது. நிறுவனம் ஒரு வேலையைச் சம்பளம் குறைந்த நாட்டுக்கு மாற்றிவிட, அதைச் செய்துவந்தவர் வேலை இழந்து நிற்பதைக் குறிக்கும். வேலை பெங்களூருக்குத்தான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. மணிலாவுக்குப் போனாலும் அதே சொல்தான்.

அதன் வடிவங்களைப் பார். ஆங்கிலத்தில் பழைய ஊர்ப்பெயர் 'இ' என்ற எழுத்தில் முடிவதால், இறந்தகாலத்துக்கு 'டி' மட்டும் சேர்த்தால் போதும்: 'பேங்களூர்டு'. 'இங்' சேரும்போது அந்த 'இ' விழுந்துவிடும். 2014 நவம்பர் 1 அன்று நகரம் அதிகாரபூர்வமாகப் 'பெங்களூரு' ஆனது. வினைச்சொல்லோ பழைய பெயரிலேயே நிற்கிறது.

பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்குவது ஆங்கிலத்துக்குக் கைவந்த கலை. அயர்லாந்தில் 1880-ல் குத்தகைதாரர்கள் ஒன்றுகூடி ஒதுக்கிவைத்த நில நிர்வாகி சார்லஸ் பாய்காட்டின் பெயர் 'பாய்காட்' என்ற வினையானது. ஆட்களைக் கடத்திக் கப்பல் வேலையில் தள்ளுவது 'ஷாங்காய்' ஆனது. தமிழில் இது எளிதில் நடக்காது. 'கூகுள் பண்ணு' என்று துணைவினை ஒன்றைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த வினைக்குப் பெங்களூரின் பெயர் வரக் காரணம் உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் இங்கே மையம் தொடங்கி, சிப் வடிவமைப்பு வேலையைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பிக் காட்டியது. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியப் பொறியாளர்களைத் தேடி வந்தன. ஆங்கிலம் தெரிந்த ஆட்கள், சம்பள வித்தியாசம், அங்கே இரவாகும்போது இங்கே பகல் என்ற வசதி எல்லாம் சேர்ந்துகொண்டன. 2009 மே மாதம் அதிபர் ஒபாமா வரிச் சீர்திருத்தம் பற்றிப் பேசியபோது, நியூயார்க் மாநிலத்துப் பஃபலோவுக்கு எதிரே நிறுத்திக் காட்டியது பெங்களூரைத்தான்.

இனி, முக்கியமான இலக்கணம். இந்த வினை பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வரும்: 'ஐ வாஸ் பேங்களூர்டு', 'ஹிஸ் ஜாப் காட் பேங்களூர்டு'. இரண்டிலும் எழுவாய் யார்? வேலை இழந்தவர், அல்லது அவருடைய வேலை. அதை மாற்றிய நிறுவனத்தைக் காணோம். லாபக் கணக்குப் போட்ட நிர்வாகக் குழுவையும் காணோம். கண்ணில் படுவது ஊர்ப்பெயர் மட்டும், பழியும் ஊரின் மேல். நாம் சொல்லும் 'வேலை போச்சு' என்பதிலும் வேலையை அனுப்பியவர் இல்லை.

இது அமெரிக்கர்களின் துயரம் மட்டுமல்ல. 2010-ஐ ஒட்டி கால் சென்டர் வேலைகள் பல இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு நகர்ந்தன. இங்கே ஹெட்போனைக் கழற்றி வைத்த இளைஞர்களுக்கும் இந்த வினை அப்படியே பொருந்தும்.

தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் இதை எழுதாதே. அங்கே 'அவுட்சோர்ஸ்', 'ஆஃப்ஷோர்' என்ற வினைகள் இருக்கின்றன. முன்னது வெளி நிறுவனத்திடம் வேலையை ஒப்படைப்பது. பின்னது வேலையை வெளிநாட்டுக்கு மாற்றுவது. இரண்டையும் செய்வினையில் எழுதிப் பழகு. 'கம்பெனி எழுபது பேரின் வேலையை வெளிநாட்டுக்கு மாற்றியது' என்று ஒரு வாக்கியம் அமைத்துப் பார். வேலையை மாற்றியவர் எழுவாயாக இருந்தே தீர வேண்டும். இதேபோல் ஐந்து வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி அடுத்த கடிதத்தில் அனுப்பு. திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்